பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க

டோக்கனம்மாவின் நோட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, பல்தான் உண்டு. ‘மேல் முன்பல், உடைந்தது.’ ‘இடது கடைவாய், அடைத்தது விழுந்துவிட்டது.’ ‘ஞானப்பல், பயந்தவர்.’ பக்கத்தில் ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். டாக்டருக்கு முகம் நினைவிருக்காது, வாயைத் திறந்தால்தான் ஆளைத் தெரியும். அவருக்குப் புரியட்டும் என்று ஆரம்பித்த பழக்கம் பதினோரு வருடமாக நடக்கிறது. பல் ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக் கொடுத்து அவளுடைய சொந்தப் பெயரும் காணாமல் போய்விட்டது. வருகிறவர்கள் வைத்த டோக்கனம்மா என்ற பெயரையே இப்போது வீட்டுக்காரரும் கூப்பிடுகிறார். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரி சின்னது. டாக்டர் ஒருவர், படுக்கவைக்கும் நாற்காலி ஒன்று. காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி. ஏழாவது ஆள் வந்தால் மீன்களோடு நிற்க வேண்டியதுதான். டாக்டர் கைராசிக்காரர், ஆனால் அவசரம் என்ற சொல் அவர் படித்த புத்தகத்தில் இல்லை. அதனால் எப்போதும் இரண்டு வாரத்துக்கு நேரம் நிரம்பிக் கிடக்கும். யாராவது வர முடியாமல் போனால், அந்த இடத்துக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் காத்திருப்போர் பட்டியலிலிருந்து டோக்கனம்மா வரிசையாகக் கூப்பிடுவாள்.

கூப்பிடுவதற்கு அவளிடம் ஒரு சட்டம் உண்டு. ஐந்து ரிங். அதற்குள் எடுத்தால் இடம் உங்களுடையது. எடுக்காவிட்டால் பேனாவால் ஒரு கோடு, அடுத்த ஆள். பெரிய மனிதர்கள் வந்து மேசையைத் தட்டியிருக்கிறார்கள். பழப்பையோடு வந்து பல்லிளித்தவர்களும் உண்டு. பட்டியலில் தன் இடம் எது என்று எட்டிப் பார்த்தவர்களிடம் நோட்டை மூடிவிட்டு, “லிஸ்ட் லிஸ்ட்தாங்க. வரிசை வந்தா நானே கூப்பிடுவேன்” என்பாள். பதினோரு வருடத்தில் ஒருவரையும் முன்னால் தள்ளியதில்லை. தன் சொந்த நாத்தனார் கன்னம் வீங்கி வந்தபோதும் ஆறாவது இடத்தில்தான் எழுதினாள். நாத்தனார் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கே ஒரு காத்திருப்போர் பட்டியல் வந்து சேர்ந்தது.

மகளை வீட்டில் புறா என்பார்கள். ஒன்பது வயதில் சிறகு ஒடிந்த ஒரு புறாவைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், அன்றைக்கு ஒட்டிய பெயர். அந்தப் புறா தேறிப் பறந்துபோய்விட்டது. பெயர் இவளிடமே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த ஜீவராசிகளுக்கு அளவில்லை. மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று பன்னிரண்டு வயதில் சொன்னாள், பதினெட்டிலும் அதையே சொல்கிறாள். ஊர்க் கோடியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண் இருந்தது. ஆனால் அவளைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியல், வரிசை எண் நான்கு. யாராவது விலகினால் விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்போம், மறுநாள் மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று போட்டிருந்தது.

விண்ணப்பத்தில் உள்ள எண் டோக்கனம்மாவுடையது. அதை அவளே அடம்பிடித்துப் போடவைத்தாள்.

“நீ தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்ட. என் நம்பரைப் போடு. பதினோரு வருஷமா ஃபோன் எடுக்கறதே எனக்கு வேலை.”

புறாவும் சரியென்று எழுதிவிட்டாள். அன்று முதல் டோக்கனம்மா வீட்டில் ஓர் உத்தரவு போட்டாள். யாரும் அவள் செல்லுக்குக் கூப்பிடக்கூடாது, லைன் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர்களும் ஐந்து ரிங் சட்டக்காரர்களாக இருந்தால் என்ன செய்வது என்பது அவள் கவலை. குளியலறைக்குள்ளும் செல்லைக் கொண்டுபோனாள், அலமாரி மேல் வைத்துவிட்டு ஒரு காதை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு குளித்தாள்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். அவருடைய பஸ் கல்லூரி வாசல் வரை போய்த் திரும்பும், ஒரு நாளைக்கு எட்டு நடை. எட்டு முறையும் அந்தக் கேட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

“நம்ம புறா படிக்கட்டுல நாலாவதா நிக்கிறா. உள்ள யாராச்சும் எறங்கினா சீட்டு,” என்பார். “கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒருத்தரும் எறங்காத பஸ்ஸ நான் இதுவரைக்கும் ஓட்டினதில்ல.”

மாடி வீட்டுக்காரம்மா வேறு ரகம். “இலவு காத்த கிளி மாதிரி ஒண்ணையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, வேற எதுலயாவது சேந்துட்டா என்ன?” என்று புறாவிடம் கேட்டாள்.

“நான் கிளி இல்லங்க, புறா,” என்று அவள் சொல்லிவிட்டு, மாடி வீட்டு நாயையே குளிப்பாட்ட இழுத்துக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். காத்திருக்கிற வீடு என்றால் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள் என்று நினைப்போம். இந்த வீட்டில் அந்த மூன்று வாரமும் நன்றாகவே போயிற்று. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, கல்லூரி தொடங்கவில்லை, புறாவுக்குப் படிக்கவும் ஒன்றுமில்லை, பயப்படவும் ஒன்றுமில்லை. மத்தியானம் சமையல் அவள் பொறுப்பு. உப்பு ஒருநாள் தூக்கலாக இருக்கும், ஒருநாள் போடவே மறந்திருப்பாள். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான் என்பதால் டோக்கனம்மா ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புறா மாட்டின் வயிற்றைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு படித்துக் காட்டுவாள்.

“ம்மா, மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கிடையாது, தெரியுமா?”

“நிஜமாவா? அப்ப எங்க டாக்டர் மாட்டு டாக்டரா போயிருந்தா பாதி வேலை மிச்சம்.”

இப்படிப் பேசிக்கொண்டு சாப்பிட்டதில் டோக்கனம்மாவுக்கு இரண்டு கிலோ ஏறிவிட்டது. மகள் இவ்வளவு பேசுவாள் என்றே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. கல்லூரியில் முதல் வருடம் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும், விடியற்காலையில் மாட்டுக் கொட்டகை வேலை இருக்கிறது. அதனால் செல் அடிக்காத ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பக்கம் ஏமாற்றமாகவும், இன்னொரு பக்கம் நாளைக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இடம் கிடைக்கட்டும் என்றுதான் வாயால் வேண்டினாள். கொஞ்சம் மெதுவாகக் கிடைக்கட்டும் என்று மனசு ஓரமாகச் சேர்த்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரித் தெருவில் பள்ளம் தோண்ட வந்தார்கள். எதற்குத் தோண்டினார்களோ, ஆஸ்பத்திரியின் லேண்ட்லைன் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போனார்கள். சரிசெய்யப் பத்து நாளாகும் என்றார்கள். நோயாளிகள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று டாக்டர் கையைப் பிசைந்தார்.

“அதுவரைக்கும் என் செல் நம்பரைக் கொடுக்கறேன் டாக்டர். எப்படியும் கையிலேயேதானே இருக்கு,” என்றாள் டோக்கனம்மா. லைன் காலியாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு, ஆஸ்பத்திரி வேலை என்று வந்ததும் அவளுக்கே மறந்துபோயிற்று.

கதவில் எழுதி ஒட்டினாள். அச்சடித்த அட்டைகளில் லேண்ட்லைன் எண்ணுக்குக் கீழே தன் எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தாள். அன்று முதல் அவள் செல் ஓயாமல் அடித்தது. முதல் நாள் ஒவ்வொரு முறையும் கல்லூரியோ என்று நெஞ்சு திக்கென்றது. எடுத்தால் எல்லாம் பல்வலி. நாலாவது நாளுக்குள் நெஞ்சு திக்கென்பதை விட்டுவிட்டது, நாக்கு மட்டும் தன் வேலையைச் செய்தது. தூக்கத்தில் அடித்தாலும், “பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க” என்று எழுந்து உட்கார்ந்தாள்.

எட்டாவது நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல் அடித்தது. புறா எதிரே உட்கார்ந்து பசுவின் மூன்றாவது இரைப்பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டோக்கனம்மா கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

“பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க.”

மறுமுனையில் ஒரு பெண்குரல் தயங்கியது. “எங்க இருந்து பேசறீங்க?”

“பல் ஆஸ்பத்திரிங்க.”

“அப்படியா. அப்ப நம்பர் தப்பா இருக்கு. சாரிங்க.” வைக்கப்போன குரல் வைக்கவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது. “பல் ஆஸ்பத்திரின்னா சொன்னீங்க? எனக்கே மூணு நாளா பல்லு உயிர் போகுது. கீழ்வாய்ல, வலது பக்கம். நேரம் ஏதாவது கிடைக்குமா?”

“ரெண்டு வாரத்துக்கு இடம் இல்லங்க. யாராவது வரலைன்னா கூப்பிடறேன். உங்க செல் நம்பர் சொல்லுங்க.” தோளால் செல்லைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நோட்டைத் திறந்து எழுதினாள். ‘வலது கீழ்க் கடைவாய், மூன்று நாள் வலி.’ வரிசையில் ஒன்பது. “சூடா எதுவும் சாப்பிடாதீங்க. அந்தப் பக்கமா படுக்காதீங்க.”

வைத்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள். “ராங் நம்பர். ஆனாலும் பாரு, பல்வலிக்காரங்க எங்க சுத்தினாலும் சரியான இடத்துக்குத்தான் வந்து சேருவாங்க.”

“சரி, மூணாவது வயித்துக்கு வா,” என்றாள் புறா.

மறுநாள் ஒன்றரை மணிக்கு வர வேண்டிய பல்செட் பெரியவர் காலையில் கூப்பிட்டு, ஊருக்குப் போகிறேன், வர முடியாது என்றார். ஒன்றரை மணி என்பது யாருக்கும் ஆகாத நேரம். டோக்கனம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வரிசையாகக் கூப்பிட்டாள். முதல் ஆளுக்கு அலுவலகத்தில் கூட்டம். இரண்டாவதும் மூன்றாவதும் ஐந்து ரிங் தாண்டியும் எடுக்கவில்லை, கோடு. நாலாவது ஆளுக்குச் சாப்பாட்டு நேரம். ஐந்தாவது ஆளுக்கு வலி போய்விட்டதாம், தைரியம் வந்துவிட்டது. ஞானப்பல் பயந்தவர், இன்று நல்ல நாள் இல்லை என்றார். அவருக்கு என்றைக்குமே நல்ல நாள் இருந்ததில்லை. ஏழும் எட்டும் ஊரில் இல்லை. ஒன்பதாவது, வலது கீழ்க் கடைவாய். முதல் ரிங்கிலேயே எடுத்து, எந்த எண், எவர் என்று ஒன்றும் கேட்காமல், “வந்துடறேன்” என்றது.

ஒன்றேகாலுக்கே வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஏதோ ஓர் அலுவலக அடையாள அட்டை, கன்னத்தில் கைக்குட்டை, கண்ணில் மூன்று நாள் தூக்கம். டோக்கனம்மா புது ஆட்களுக்கான படிவத்தைக் கொடுத்தாள். நிரப்பித் திரும்பி வந்த படிவத்தில் சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று வழக்கம்போல மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவள், வேலை என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கால்நடை மருத்துவக் கல்லூரி, மாணவர் சேர்க்கை அலுவலகம்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். கடைவாய் எழுந்து போயிற்று. கதவு சாத்தியது.

டோக்கனம்மா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக எந்த ஃபோனுக்காகக் குளியலறை வரை செல்லைக் கொண்டுபோனாளோ, அதைச் செய்ய வேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாலாம் நம்பர் எதுவரைக்கும் வந்திருக்குங்க? இதில் என்ன தப்பு? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அந்தக் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது, மேசையைத் தட்டிய பெரிய மனிதர்களின் குரல்தான் அவளுக்குக் கேட்டது. பல்வலியில் வந்த மனுஷியை மடக்கி லிஸ்ட்டைப் பற்றிக் கேட்பதா? தன்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நோட்டை மூடிவிடுவாளே. கேட்கக்கூடாது என்று முடிவு செய்தாள். உடனே, பெற்ற பெண்ணுக்காகக்கூடக் கேட்கமாட்டாயா என்று ஆத்திரம் வந்தது. அதையும் விழுங்கினாள். மீன்தொட்டிக்கு இரண்டு முறை தீனி போட்டாள். மீன்கள் அன்றைக்குக் கொழுத்துப் போயின.

டாக்டர் நிதானமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. வலது கன்னம் தொங்க, உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்க, கடைவாய் வெளியே வந்தாள். வலி போன முகம் எப்படியிருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

டோக்கனம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் தையல் பிரிக்க நேரம் குறித்தாள். அட்டையை எடுத்து, அச்சடித்த எண்ணுக்குக் கீழே வழக்கம்போலத் தன் எண்ணை எழுதி நீட்டினாள். “லேண்ட்லைன் கெட்டுப் போச்சுங்க. வலி இருந்தா கீழ இருக்கற நம்பருக்குக் கூப்பிடுங்க.”

கடைவாய் அட்டையைப் பார்த்தாள். போகத் திரும்பியவள் நின்று மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பேசினாள். ஊசி போட்ட வாயின் பேச்சு ஒரு தனிப் பாஷை. மற்றவர்களுக்கு அது கொழகொழவென்றுதான் கேட்கும். டோக்கனம்மா பதினோரு வருடமாக அதைக் கேட்டுப் பழகியவள், அதில் அவள் பண்டிதை. அவள் காதில் விழுந்தபடியே சொல்கிறேன்.

“இது ஆஸ்பத்திரி நம்பர் இல்லையா?”

“மேல இருக்கறதுதாங்க ஆஸ்பத்திரி. இது என் சொந்த நம்பர்.”

“உங்க சொந்த நம்பரா?” கடைவாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

டோக்கனம்மா கையிலிருந்த பேனாவை வைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“எங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்காளா?”

“நாலாம் நம்பர்,” என்றாள் டோக்கனம்மா. குரல் அவளுடையது போலவே இல்லை.

“நேத்து மத்தியானம் நான் உங்களைக் கூப்பிட்டது என் பல்லுக்காக இல்ல. உங்க பொண்ணுக்கு இடம் வந்திருக்கு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பல் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க. அப்ளிகேஷன்ல நம்பரைத் தப்பா எழுதிட்டா போலன்னு நினைச்சேன். சரியா அடிச்சேனான்னு ரெண்டு தடவை எடுத்துப் படிச்சுப் பாத்தேன், அதான் நம்பர் மனசுல நின்னுபோச்சு.”

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். இங்கே காதுவரைக்கும் எட்டியிருக்கிறது. மகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கல்லூரியே வீடு தேடிக் கூப்பிட்டிருக்கிறது. டோக்கனம்மா அதற்கு ஒரு டோக்கன் போட்டுக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். ஒன்பதாவது இடத்தில். போதாததற்குச் சூடாக எதுவும் சாப்பிடாதே என்று புத்திமதி வேறு. தெரியாத நம்பரை எடுக்காத மகள் நம்பரைப் போட்டிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. மெதுவாகக் கிடைக்கட்டும் என்று ஓரமாக வேண்டிக்கொண்ட மனசுதான் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. அந்தச் சந்தேகம் வேறு எதைவிடவும் அதிகமாகக் குத்தியது.

“இப்ப அந்த இடம்?” என்று கேட்டாள்.

கடைவாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணி வரைக்கும் உங்க பொண்ணோடது. நாலு மணி ஆச்சுன்னா அஞ்சாம் நம்பரோடது. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நான் இழுக்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க, லிஸ்ட் லிஸ்ட்தான்.”

“தெரியுங்க,” என்றாள் டோக்கனம்மா. அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இருக்க முடியாது.

செல்லை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஒரு ரிங். இரண்டு. இன்றைக்கு என்ன கிழமை என்று யோசித்தாள். மூன்று. மாடி வீட்டு நாயைக் குளிப்பாட்டுகிற கிழமை. நாலு. ஐந்து. பதினோரு வருடமாக இந்த இடத்தில் அவள் கை பேனாவை எடுக்கும். ஆறு. ஐந்து ரிங்கில் கோடு போட்ட அத்தனை பேரும் அந்த நேரத்தில் எங்கேயோ ஈரக் கையோடு ஓடிவந்துகொண்டிருந்திருப்பார்கள் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. எட்டு. ஒன்பது. கடைவாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது ரிங்கில் புறா எடுத்தாள்.

“ம்மா, என்ன நீ ஃபோன் பண்ற? நீதானே லைன காலியா வைக்கணும்னு சொன்ன. காலேஜ்ல இருந்து கூப்பிட்டா என்ன பண்றது? வை முதல்ல.”

“வைக்காத,” என்றாள் டோக்கனம்மா. செல்லைக் கடைவாயிடம் நீட்டினாள். கடைவாய் அதை வாங்கி, அலுவலகக் குரலில், முறையாக, இடம் ஒதுக்கப்பட்டிருப்பதைத் தெரிவித்தாள்.

“ம்மா, யாரோ ஊசி போட்ட பேஷண்ட் பேசறாங்க. ஒண்ணும் புரியல,” என்று புறாவின் குரல் கேட்டது.

டோக்கனம்மா செல்லைத் திரும்ப வாங்கினாள். கடைவாய் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, மகளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னாள். இடம் வந்திருக்கு. உனக்குத்தான். நாலு மணிக்குள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். மார்க் ஷீட் ஒரிஜினல், ரெண்டு ஃபோட்டோ. கடைசியில் கடைவாய் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள். “தப்பு என்னோடது. அப்புறம் சொல்றேன். ரெண்டு அம்பத்தஞ்சுக்கு அப்பா பஸ் நம்ம ஸ்டாப்புக்கு வரும். ஓடு.”

மறுமுனையில் நாய் குரைத்தது. பிறகு கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

கடைவாய் ஆட்டோ பிடித்துத் தன் அலுவலகத்துக்குப் போனாள். போகும்போது டோக்கனம்மாவின் கையை ஒரு முறை அழுத்தினாள். மூன்று மணிக்கு வர வேண்டிய மேல் முன்பல் வந்தது, உள்ளே போயிற்று. டோக்கனம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் இப்போது மேம்பாலம் ஏறியிருக்கும். மூன்று இருபது. வழியில் வேறெங்கும் பள்ளம் தோண்டாமல் இருக்க வேண்டும். மூன்று முப்பது. வீட்டுக்காரர் எட்டு நடையும் பார்க்கிற அந்தக் கேட் வந்திருக்கும். மூன்று நாற்பது. அவள் கூப்பிடவில்லை. லைன் காலியாக இருக்கட்டும் என்று செல்லை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அடித்தால் எப்படி எடுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். நான் புறாவோட அம்மா பேசறேன். சுலபமான வாக்கியம்தான்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் செல் அடித்தது.

“பல் ஆஸ்பத்திரி, சொல்லுங்க,” என்றாள். சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் சிரிப்பு. “கையெழுத்துப் போட்டாச்சும்மா. மூணு நாப்பத்தாறுக்கு.”

டோக்கனம்மா அழுதாள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஏழாவது ஆள் அதைப் பார்த்துவிட்டு, தன் பல்லுக்கு என்ன கதியோ என்று பயந்துபோனான். அவள் கையை அசைத்து ஒன்றுமில்லை என்றாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். புறா விடுதிக்குப் போய்விட்டால் மத்தியானம் எதிர் நாற்காலியில் ஆளிருக்காது என்பதும் அந்த அழுகையில் இருந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை.

“பஸ்ல கூட்டம்மா. சீட்டு கிடைச்ச அன்னிக்கு வழி முழுக்க நின்னுக்கிட்டே வந்தேன். அப்பா கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு ஓட்டினாரு. ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தவே மறந்துட்டாரு, எல்லாரும் திட்டினாங்க.”

“திட்டட்டும்,” என்றாள் டோக்கனம்மா.

“ம்மா, ஹாஸ்டல் ஃபார்ம்ல ஒரு நம்பர் கேட்டாங்க. ஏதாவதுன்னா வீட்ல யாரைக் கூப்பிடறதுன்னு. உன் நம்பரத்தான் எழுதினேன்.”

“என் நம்பரா? இவ்வளவு கூத்துக்கு அப்புறமுமா? அப்பா நம்பரைப் போட வேண்டியதுதானே. நான் மறுபடியும் பல் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லித் தொலைப்பேன்.”

“சொல்லிக்கோ,” என்றாள் புறா. “கூப்பிடப்போறது நான்தானே. நீ பல் ஆஸ்பத்திரின்னு சொன்னாலும் நான் வைக்க மாட்டேன்.”